போயிட்டு வரேன்: பிளே ஸ்கூல் வாசலில் முதல் சில வாரங்கள்

மூத்தவளை முதன்முதலாகப் பிளே ஸ்கூலில் விட்டபோது அவளுக்கு 2 வயது 10 மாதம். ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை. கேட்டுக்கு உள்ளே முப்பது குழந்தைகள் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தார்கள். "நீங்க நிக்க நிக்கத்தான்மா அழுகை ஜாஸ்தியாகும், அவ பாக்காதப்போ நழுவிடுங்க" என்றார்கள். அவள் மீன் தொட்டி முன்னால் நின்றிருந்த சமயம் பார்த்து நழுவினேன். தெருமுனையில் நின்ற ஆட்டோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டேன். முப்பது குரலில் என் பிள்ளையின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது.

அன்று மதியத்திலிருந்து மூன்று வாரம் அவள் என்னைப் பாத்ரூமுக்குக்கூடத் தனியாக விடவில்லை. கதவின் அடி இடுக்கு வழியாக விரல்களை உள்ளே நீட்டிக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பாள்.

சின்னவனின் முறை வருவதற்குள் கொஞ்சம் படித்திருந்தேன், நிறைய அடிபட்டிருந்தேன். வரும் ஜூனிலோ விஜயதசமியிலோ பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இரண்டரையிலிருந்து மூன்றரை வயதுப் பிள்ளையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அதற்கும் சின்னக் குழந்தையைக் காப்பகத்தில் விடுபவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில்: அது அடம் இல்லை

வாசலில் புரண்டு அழும் பிள்ளையைப் பார்த்து "என்னா அடம்" என்று யாராவது சொல்வார்கள். நம் பாட்டிகள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தார்கள்: ஏக்கம். "பிள்ளை ஏங்கிப் போயிடும்" என்று சொல்லித்தான் தாயை வெளியூர் அனுப்பத் தயங்கினார்கள். எனக்கு அந்தச் சொல்தான் சரியாகப் படுகிறது. அடத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடங்கும். ஏக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் உள்ளே போகும்.

ஏறக்குறைய 8 மாதத்தில் குழந்தைக்குத் தாய் முகமும் அயல் முகமும் நன்றாகப் பிரிந்து தெரியத் தொடங்குகிறது. அப்போது வருகிற இந்தப் பிரிவுப் பயம் ஒன்று, ஒன்றரை வயதில் உச்சத்துக்குப் போய், மூன்று வயதை ஒட்டிப் பொதுவாகத் தணியும். புது இடம், புது ஆள், தம்பி தங்கை பிறப்பது, வீடு மாறுவது என்று எது வந்தாலும் திரும்ப எட்டிப் பார்க்கும். பிளே ஸ்கூலில் புது இடமும் புது ஆளும் ஒரே காலையில் வந்துவிடுகின்றன. அழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சில குழந்தைகள் நிஜமாகவே அழுவதில்லை. அதற்காக "நம்ம மேல பாசமே இல்லையோ" என்று நீங்கள் போய் அழ வேண்டாம்.

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1950களில் உகாண்டா கிராமங்களில் தாய்களையும் கைக்குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். தாயிடமிருந்து தவழ்ந்து போவது, திரும்பிப் பார்ப்பது, அவள் அங்கேயே இருக்கிறாள் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் தூரம் போவது, இதுதான் அவர் கண்ட பழக்கம். கல்யாண மண்டபத்தில் எந்தக் குழந்தையைக் கவனித்தாலும் இதைப் பார்க்கலாம். திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை என்றால் அடுத்த முறை அந்தத் தூரம் போகாது. நான் நழுவிய அன்று நடந்தது அதுதான்.

ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

வீட்டில் சின்னச் சின்னப் பிரிவுகளைப் பழக்குங்கள். சித்தியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கால் மணி நேரம் விட்டுவிட்டுக் கடைக்குப் போய் வாருங்கள். போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. "போறேன்" என்று சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் திட்டுவார்கள். "போயிட்டு வரேன்"தான் சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைப் பிள்ளைக்குப் பழக்குங்கள். போயிட்டு வரேன் என்றால் அம்மா வருவாள். முப்பது தடவை அது நடந்து முடிந்திருந்தால், முப்பத்தொன்றாவது தடவை பிளே ஸ்கூல் வாசலில் அதே வார்த்தைக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கும்.

அடுத்தது சோறு. நம் வீடுகளில் மூன்று வயது வரை பிசைந்து ஊட்டுகிறோம், அதுவும் பால்கனியில் காக்காய் காட்டி. பிளே ஸ்கூலில் காக்காய் காட்ட ஆள் கிடையாது. டிபன் பாக்ஸை அவனே திறந்து, அவனே எடுத்துச் சாப்பிட்டு, அவனே மூடப் பழக வேண்டும். கடையில் பார்க்க அழகாக இருக்கும் நான்கு பக்கம் கிளிப் வைத்த டப்பா வேண்டாம். எங்கள் வீட்டில் வாங்கிய டப்பாவைத் திறக்க எனக்கே நகம் வலித்தது. சின்னதாக வெட்டிய இட்லி, உருட்டிய தயிர் சாதம் என்று கையால் எடுக்க வருவதாகக் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் புதுப் பண்டம் எதுவும் வேண்டாம். அவனுக்குப் பழகின ருசி ஒன்றாவது அங்கே இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் மூடியையும் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் பலரும் மறந்து போவது. உங்கள் வீட்டில் ஒன்றுக்கு வந்தால் பிள்ளை என்ன சொல்லும்? உச்சா, சுச்சு, ஜிஷ், மூச்சா என்று வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் என்ன காரணத்தாலோ "குழாய்". சின்னவன் இரண்டாம் நாள் மிஸ்ஸிடம் போய்க் "குழாய், குழாய்" என்று சொல்லியிருக்கிறான். அவர் பாவம், தண்ணீர் கேட்கிறான் என்று குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கையைக் கழுவிவிட்டிருக்கிறார். அங்கேயே நின்றபடி நனைத்துவிட்டான். அடுத்த நாள் பள்ளி என்ற பேச்சை எடுத்தாலே அழுகை. உங்கள் வீட்டுச் சொற்களை, இரண்டுக்கு, தாகம், வலி, தூக்கம் எல்லாவற்றுக்கும், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மிஸ்ஸிடமும் ஆயாவிடமும் கொடுத்துவிடுங்கள். பட்டன், ஜிப் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; எலாஸ்டிக் வைத்த டிரவுசர் போதும்.

அப்புறம், வாயை அடக்க வேண்டிய விஷயம் ஒன்று. "சாப்பிடலைனா மிஸ்கிட்ட சொல்லிடுவேன்", "ஸ்கூல்ல போய்ச் சேரு, அப்ப தெரியும் உனக்கு." இந்த வசனங்களை வீட்டில் யாருமே பேசக் கூடாது, தாத்தா உட்பட. பூச்சாண்டிக்குப் பதிலாக நாம் மிஸ்ஸை வைத்துவிட்டு, பிறகு அந்த மிஸ் கையிலேயே பிள்ளையைக் கொடுத்தால் அவன் வேறென்ன செய்வான்? எதிர்ப்பக்கமும் வேண்டாம். "ஸ்கூல்ல ஒரே ஜாலியா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினால் முதல் நாளே ஏமாந்து போவான். இருப்பதைச் சொல்லுங்கள்: "அங்க பொம்மை இருக்கும், பாட்டு பாடுவாங்க, சில நேரம் உனக்கு அம்மா வேணும்னு தோணும். அப்போ ஆயா உன்னைத் தூக்கி வெச்சுப்பாங்க."

பள்ளியில் என்ன கேட்பது

ஏசி, ஸ்மார்ட் போர்டு எல்லாம் இருக்கட்டும். வாசல் போர்டில் மாண்டிசோரி என்று இருப்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயரில் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலில் இருந்தவர், எல்லாம் உண்மை. ஆனால் அவர் பெயரை இன்று யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: "பிள்ளை அழுதா என்ன பண்ணுவீங்க?" பதிலில் தூக்குவது, மடியில் வைப்பது, வெளியே கூட்டிப்போய் எதையாவது காட்டுவது என்று ஏதாவது இருக்க வேண்டும். "ரெண்டு நாள் அழுவாங்க, அப்புறம் தானா அடங்கிடுவாங்க" என்பது பதிலே இல்லை. "அழற பிள்ளைங்களைத் தனியா உக்கார வெப்போம்" என்றால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர் என்றும் கேளுங்கள். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் பிளே ஸ்கூல்களுக்கு வகுத்த நெறிமுறையில் 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் என்று இருக்கிறது. என் கணக்கில் அதுவே முதல் வாரத்துக்குப் போதாது. 20 பேர் அழும்போது நான்கு கைதான் இருக்கும்.

மூன்றாவது கேள்வி, "முதல் சில நாள் நான் உள்ளே உட்காரலாமா?" ஜெர்மனியில் 1980களில் உருவான பெர்லின் முறை என்று ஒன்று உண்டு, அங்கே பல காப்பகங்களில் இப்படித்தான் குழந்தையைப் பழக்குகிறார்கள். முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் அறையின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், பிறகு இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போவார்கள். பிரிவே கிடையாது. நான்காம் நாள்தான் முதன்முறையாக, சொல்லிவிட்டு, அறையை விட்டு வெளியே போவார்கள். அதிகபட்சம் அரை மணி. பொறுப்பான ஆசிரியரால் சில நிமிடத்துக்குள் சமாதானப்படுத்த முடியாவிட்டால் உடனே பெற்றோரைத் திரும்பக் கூப்பிட்டு, அடுத்த முயற்சியைச் சில நாள் தள்ளிப்போடுவார்கள். அந்த நான்காம் நாள் திங்கட்கிழமையாக இருந்தால் அன்று பிரிப்பதில்லை. சனி ஞாயிறு வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்குத் திங்கள் கஷ்டம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் இதை அப்படியே கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பேரம் பேசலாம். நான் இரண்டு நாள் கேட்டேன். ஒரு நாள் உள்ளே, ஒரு நாள் வராந்தாவில் என்று முடிந்தது. அதுவும் நல்லதுதான். முதல் வாரம் ஒன்றரை மணி நேரம் போதும், முழு நேரத்துக்கு விட வேண்டாம் என்பதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் சுமை குறைவு.

ஆயா யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைப் படிவத்தில் மிஸ் பெயர் இருக்கும். பிள்ளையைக் கழுவி, துடைத்து, மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பவர் ஆயாதான். முதல் வாரம் தினமும் பிள்ளையை வாங்கிக்கொள்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பக்கத்துத் தெருவில் அங்கன்வாடி இருந்தால் அதையும் போய்ப் பாருங்கள். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருபவை. தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேல் இருக்கின்றன. பால்வாடி என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிரிவு விஷயத்தில் அதற்கு ஒரு பலம் இருக்கிறது: வீட்டுக்குக் கூப்பிடு தூரம், டீச்சர் தெருவில் தெரிந்த முகம், அம்மா வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் யாரும் விரட்டுவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள். சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கவும் அனுமதிக்க வேண்டும்.

வேன் மட்டும் முதல் மாதம் வேண்டாம். வீட்டு வாசலிலேயே பிரிவு, பிறகு தெரியாத டிரைவர், பிறகு தெரியாத பள்ளி. மூன்றையும் சேர்த்து அவன் தலையில் வைக்காதீர்கள்.

ஜூனா, விஜயதசமியா

பலர் கேட்பதால் சொல்கிறேன். ஜூனில் எல்லாருமே புதுசு. ஒருவன் ஆரம்பித்தால் அறையே அழும். அழுகை கொட்டாவி மாதிரி, தொற்றிக்கொள்ளும். விஜயதசமியில் சேரும் பிள்ளை வரும்போது மற்றவர்கள் நான்கு மாதம் பழகியிருப்பார்கள், மிஸ்ஸுக்கும் கை ஓய்ந்திருக்கும். அரிசியில் "அ" எழுதவைக்கும் முதல் நாள் பெற்றோர் மடியிலேயே நடந்துவிடுவது இன்னொரு வசதி. உங்களால் காத்திருக்க முடியும் என்றால் நான் விஜயதசமிக்கே ஓட்டுப் போடுவேன்.

முந்தைய நாள் இரவு

பையை அவனோடு சேர்ந்து அடுக்குங்கள். மாற்று உடை இரண்டு செட், ஈரத்துணி போட ஒரு கவர். கூடவே உங்கள் பழைய பருத்திப் புடவையிலிருந்து கைக்குட்டை அளவு ஒரு துண்டு. துவைக்காமல், நீங்கள் கட்டிய வாசனையோடு. வீட்டில் தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு அங்கே பாயில் அது ஒன்றுதான் தெரிந்த பொருளாக இருக்கும். சின்னவன் அதைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் திரிந்தான். ஒரு நாள் ஆயா துவைத்துக் காயப்போட்டுவிட்டார், அன்று பெரிய ரகளை. இரண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று ஊர்வலமாகப் போக வேண்டாம். போட்டோ எல்லாம் முந்தைய நாள் சாயங்காலமே எடுத்துவிடுங்கள். காலையில் அரை மணி முன்னதாக எழுப்புங்கள். அவசரத்தில் நாம் கத்துகிற கத்தல்தான் பிள்ளையின் அழுகைக்கு முதல் தாளம்.

வாசலில்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கேட்டுக்குப் பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். உள்ளே ஏதாவது ஒன்றைச் சேர்ந்து பாருங்கள்: மீன் தொட்டி, சுவரில் வரைந்த யானை, செருப்பு வைக்கும் இடம். பிறகு கீழே உட்கார்ந்து அவன் கண் மட்டத்தில் பேசுங்கள். அவனுக்குப் பன்னிரண்டு மணி புரியாது. அவன் நாளில் நடப்பவற்றை வைத்துச் சொல்லுங்கள்: "பாட்டு பாடுவீங்க, விளையாடுவீங்க, டப்பா காலி பண்ணுவீங்க, பெல் அடிக்கும், அம்மா இங்க நிப்பேன்." தினமும் அதே வரிசை, அதே வார்த்தை. ஒரு முத்தம். "அம்மா போயிட்டு வரேன்." ஆயா கையில் கொடுங்கள். நடங்கள்.

இது மொத்தமும் ஒரு நிமிடம். அழுகை வரும். காலைக் கட்டிக்கொள்ளும் கைகளை ஆயாதான் பிரிக்க வேண்டும், நீங்கள் உதறக் கூடாது. அழுகைக் குரல் கேட்டுத் திரும்ப ஓடினால், இன்னும் கொஞ்சம் சத்தமாக அழுதால் அம்மா வருவாள் என்று அவன் புரிந்துகொள்வான். அவன்மேல் தப்பே இல்லை, நாம்தான் அப்படிக் கற்றுக்கொடுத்தோம். "இதோ கார் பார்க் பண்ணிட்டு வரேன்" என்று பொய் சொல்லாதீர்கள். சாக்லேட் லஞ்சமும் வேண்டாம், மூன்றாம் நாள் இரண்டாகிவிடும்.

யார் கொண்டுவிடுவது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். சில பிள்ளைகள் அப்பா விட்டால் சத்தமில்லாமல் போய்விடும். எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் எனக்கு ஆபீஸ் என்று மாமனார் கொண்டுவிடப் போனார். பத்து மணிக்கு அத்தை போன்: "ரெண்டு பேரும் வந்துட்டாங்கம்மா." பேரன் வாசலில் அழுதிருக்கிறான், தாத்தாவும் அழுதிருக்கிறார், இருவரும் ஓட்டலுக்குப் போய் ஆளுக்கொரு நெய் தோசை சாப்பிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்தத் தோசையின் விலை எங்களுக்கு ஒரு வாரம். தினமும் காலையில் "தாத்தா, தோசை" என்றுதான் அழுகை ஆரம்பித்தது.

கூப்பிடப் போகும்போது ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். மற்ற அம்மாக்கள் எல்லாரும் வந்துவிட்டு நீங்கள் மட்டும் வராத அந்தச் சில நிமிடம் காலை முழுக்கச் சேர்த்த நம்பிக்கையைத் தின்றுவிடும். பார்த்ததும் முதல் வாக்கியம்: "பெல் அடிச்சுது, அம்மா வந்துட்டேன் பாத்தியா."

வாசலுக்கு வெளியே: நீங்கள்

பிள்ளையை விட்டுவிட்டு வண்டியை எடுத்ததும் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும். கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்காதீர்கள். அவன் பார்த்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. எங்காவது போக ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். நான் நேராகப் பூக்கடை அக்காவிடம் போய் ஒரு முழம் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் பேசிவிட்டுத்தான் ஆபீஸ் போவேன். அவர் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், நான் அழுதால் கண்டுகொள்ள மாட்டார்.

பள்ளிக்கு ஒரு முறை போன் செய்யலாம். எப்போது செய்யலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் கேள்வி முக்கியம். "அழுதானா?" என்று கேட்டால் "லேசா அழுதான்மா" என்றுதான் வரும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. எவ்வளவு நேரத்தில் அடங்கினான், யாரிடம் போனான், எதை வைத்து விளையாடினான், டப்பாவில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். வாசலில் அழுவது பிரிவைக் காட்டும், அடுத்த பத்து நிமிடம்தான் பள்ளி எப்படி என்று காட்டும். வாசலில் கூரை பறக்க அழுதுவிட்டு, நீங்கள் தெருமுனை திரும்பும் முன்பே பந்தைத் துரத்தும் பிள்ளைகள் நிறைய.

கேமரா ஆப் இருந்தால் அதை என்ன செய்வது? நான் முதல் நாள் பார்த்தேன். அரை மணி நேரம், ஆபீஸ் லிப்ட் பக்கத்தில் நின்றுகொண்டு. அவன் மூலையில் உட்கார்ந்து புடவைத் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான். சத்தம் வராத அந்தப் படத்தில் எல்லாக் குழந்தையும் அனாதை மாதிரிதான் தெரியும். அன்றே ஆப்பை எடுத்துவிட்டேன். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பையும் முதல் மாதம் ஊமையாக்கி வையுங்கள். "என் பையன் முதல் நாளே டாடா காட்டிட்டுப் போயிட்டான்" என்று ஒருவர் போடுவதைப் பத்து மணிக்குப் படித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"இவ்வளவு சின்னதுலயே எதுக்கு, நாங்கல்லாம் அஞ்சு வயசுலதான் போனோம்" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் போன காலத்தில் வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் இரண்டு மூன்று வாரமாகியும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் உட்கார முடியவில்லை என்றால் அதைப் பிள்ளையின் கணக்கில் எழுதாதீர்கள். மருத்துவரிடம் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

சாயங்காலம்

பள்ளியில் சமர்த்தாக இருந்ததாக மிஸ் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் வாழைப்பழம் நடுவில் உடைந்துவிட்டது என்று அரை மணி நேரம் அழுவான். நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்ததை நம்மிடம் கொட்டுகிறான், அவ்வளவுதான். முதலில் தின்ன ஏதாவது கொடுங்கள், பிறகு மடி. "இன்னைக்கு என்ன படிச்ச? யார் ஃபிரண்ட்? ரைம்ஸ் சொல்லு" என்று விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். இரவு படுத்த பிறகு தானாக ஏதாவது உதிரும்.

அதைவிட நன்றாகத் தெரிவது விளையாட்டில். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் சின்னவன் கரடிப் பொம்மையைக் கதவருகே உட்காரவைத்து, என் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு மிஸ் ஆகிவிட்டான். "அழக் கூடாது. அம்மா வரும். பெல் அடிச்சா வரும்" என்று கரடியின் முதுகில் தட்டிக்கொடுத்தான், கொஞ்சம் பலமாகவே. யார் தட்டிக்கொடுக்கிறார்கள், எப்படி என்பது வரை எனக்கு அன்று தெரிந்துவிட்டது.

இரண்டாம் வாரமும் அதற்குப் பிறகும்

முதல் வாரம் அழாத பிள்ளை இரண்டாம் வாரம் ஆரம்பிக்கும். புதுமை போய், இது தினமும் நடக்கப்போகிற விஷயம் என்று புரிவதால். திங்கட்கிழமைகள் மோசமாக இருக்கும். காலாண்டு விடுமுறை, தீபாவளி, ஊருக்குப் போய் வந்த பிறகு என்று ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாள் பின்னால் போகும். அப்போது பழைய வார்த்தை, பழைய வரிசை, சீக்கிரம் கூப்பிடப் போவது என்று முதல் வார முறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

சளி, காய்ச்சல் வரும். முதல் வருடம் மாதத்தில் பாதி நாள் மூக்கு ஒழுகும், அதற்குத் தயாராக இருங்கள். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு அனுப்புங்கள். "வயிறு வலிக்குது" என்பது பள்ளி நாள் காலையில் மட்டும் வந்து ஞாயிற்றுக்கிழமை வராமல் இருந்தால் அதுவும் ஏக்கம்தான். "நடிக்கிறான்" என்று சொல்லாதீர்கள். அவனுக்கு நிஜமாகவே வலிக்கும்.

எப்போது கவலைப்பட வேண்டும்

பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு மாதிரி செட் ஆகிவிடுவார்கள். பிரிவுப் பயம் தணியாமல் 4 வாரத்துக்கு மேல் தொடர்ந்து, சாப்பாட்டையும் தூக்கத்தையும் கெடுத்தால் குழந்தை நல மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர்களும் அந்த 4 வாரத்தைத்தான் ஓர் எல்லையாகப் பார்க்கிறார்கள். பள்ளியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது, பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைப்பது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்து தொடர்வது, நடு இரவில் அலறுவது, இவற்றுக்கு 4 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் ஒடுங்கினாலோ, உடையை மாற்ற விடாமல் பயந்தாலோ, காரணம் தெரியாத காயம் இருந்தாலோ அதை ஏக்கம் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் பள்ளி நேரத்தில் போய்ப் பாருங்கள். உள்ளே விட மறுக்கும் இடத்தில் பிள்ளை இருக்கக் கூடாது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்த நேரமும் கூப்பிடலாம்.

சரி, எதுவுமே சரிவரவில்லை என்றால்? எடுத்துவிடுங்கள். இரண்டரை வயதில் பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கல்வி உரிமைச் சட்டமே 6 வயதிலிருந்து 14 வரைதான் பேசுகிறது. கட்டிய பணம் திரும்ப வராது என்பது உண்மை. மூத்தவளை ஏழு வாரத்தில் நிறுத்தினோம், ஒரு டேர்ம் ஃபீஸ் போனது, வீட்டில் கொஞ்ச நாள் பேச்சும் வாங்கினேன்.

அந்த வருட விஜயதசமிக்கு வேறு ஒரு சின்ன இடம். வீட்டு மாடியில் பதினான்கு பிள்ளைகள். "நீங்க எவ்வளவு நாள் வேணும்னாலும் உக்காருங்க" என்று அந்த மிஸ் ஒரு மணையை எடுத்துப் போட்டார். மூன்று நாள் உட்கார்ந்தேன். முதல் நாள் மடியை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் நாள் இறங்கினாள், என் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி. மூன்றாம் நாள் மணல் தொட்டி வரைக்கும் போய்விட்டுப் போய்விட்டுத் திரும்பி வந்து தொட்டுப் பார்த்தாள். நான்காம் நாள் நான் அதே மணையில் உட்காரப் போனபோது, கையில் மணல் வாளியோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ போயிட்டு வரலையா?"